வியாழன் மூன்று மணி: சொந்த வேலை

மில்டன் எச்செகோயன் படிப்பால் கால்நடை மருத்துவர். இருபது வருஷம் பண்ணை பண்ணையாக அலைந்து, தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றுகளை இழுத்துப் போட்டவர். தூராஸ்னோவில் ஒரு காளை அவரை வேலியோடு வைத்து நசுக்கியதில் இடது முட்டி போயிற்று. "காளைக்கு என்மேல கோபமெல்லாம் இல்ல. நான் நின்ன இடத்துல அதுக்கும் நிக்கணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்.

முட்டி போனபின் மேசை வேலை. மொந்தேவிதேயோ நகரத்தின் விளிம்பில், பழத்தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது சான் கலிஸ்தோ நிறுவனம். மாடுகளுக்கான தடுப்பூசி தயாரிக்கிறார்கள். அங்கே அவருக்குத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று பதவி கொடுத்தார்கள். எட்டு வருஷத்தில் யாரும் அவரிடம் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை. மாத்தே என்னும் இலைத்தேநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவார், செய்தித்தாள் படிப்பார், அவ்வப்போது ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்.

அந்த மார்ச் மாதம் பெரிய கூட்ட அறையில் ஒரே நேரத்துக்கு மூன்று பேர் இடம் பிடித்துவிட்டார்கள். விற்பனைப் பிரிவின் மாதாந்தரக் கூட்டம் ஒன்று. பிரேசிலிலிருந்து வந்த மாட்டுப் பண்ணைக்காரர்களுடன் பேச்சுவார்த்தை ஒன்று. பொட்டலம் கட்டும் பிரிவில் ஓய்வு பெறும் அம்மாளுக்குப் பிரிவு உபசாரம் ஒன்று. பிரேசில்காரர்கள் முதலில் வந்துசேர்ந்து, தங்களுக்கான வரவேற்பு என்று நினைத்துக் கேக்கை வெட்டிச் சாப்பிட்டு, நன்றியுரையும் ஆற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும் அம்மாள் வாசலில் நின்று அழுதாள்.

மறுநாள் பொது மேலாளர் பல்பார்தா மில்டனைக் கூப்பிட்டார். அவர் இன்ஜினியர், மில்டனைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"இனிமே எல்லா மீட்டிங்கையும் ஒரே ஆளு பாத்துக்கணும், மில்டன். நீங்கதான் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கீங்க."

"கொஞ்சமா? இன்ஜினியர், நான் எட்டு வருஷமா ஃப்ரீ."

அப்படித்தான் பதினோரு பிரிவுத் தலைவர்களின் நாட்காட்டியும் மில்டனின் கணினிக்கு வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து விதிகள் எழுதினார். மூன்று நிறம். சிவப்பு என்றால் கூட்டம், அதை அசைக்க முடியாது. பச்சை என்றால் அலுவலக வேலை, கூட்டம் வந்தால் அது நகர்ந்து வழி விட வேண்டும். நீலம் என்றால் சொந்த வேலை: பல் வைத்தியர், பிள்ளையின் பள்ளிக்கூடம், சாவு. நீலத்தை யாரும் தொடக்கூடாது, ஏன் என்றும் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து எல்லாத் தளத்திலும் ஒட்டினார். தான் எவ்வளவு மனிதாபிமானம் உள்ளவன் என்று அதை ஒட்டும்போது அவருக்கே தோன்றியது.

வேலை பிடித்துப்போயிற்று. பிடித்தது என்பது குறைவு, தலைக்கேறியது. வாழ்நாளில் ஒரு மாடுகூட அவர் சொன்ன இடத்தில் நின்றதில்லை. இப்போது பதினோரு தலைவர்கள் நின்றார்கள். நடைபாதையில் கையை ஆட்டிக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி நடக்க ஆரம்பித்தார். வாரத்தின் கூட்டங்களைத் திட்டமிடுவதற்கென்று திங்கட்கிழமை எட்டரை மணிக்கு ஒரு கூட்டம் போட்டார். அது சரியாகப் போகிறதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை இன்னொன்று போட்டார். கூட்ட அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். 'விபத்தில்லாத நாட்கள்' என்று தொழிற்சாலைகளில் எழுதுவார்களே, அதுபோல 'மோதல் இல்லாத நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதினார். நூறைத் தாண்டிய அன்று அனைவருக்கும் தன் கைக்காசில் பிஸ்கோச்சோ ரொட்டிகள் வாங்கி வந்தார்.

நீல நிறம் பெருகிக்கொண்டே போனது அவர் கண்ணில் படாமல் இல்லை. கிடங்குத் தலைவர் ஒரே மாதத்தில் ஆறு முறை பல் வைத்தியரிடம் போனார். உற்பத்திப் பிரிவுத் தலைவருக்குச் சொந்தத்தில் அடுத்தடுத்துச் சாவு. ராத்திரிச் சாப்பாட்டில் மில்டன் இதை மனைவி மிர்த்தாவிடம் பெருமையாகவே சொன்னார்.

"நேரத்தை ஒழுங்குபண்ணிக் கொடுத்தா மனுஷங்க தங்களைக் கவனிச்சுக்கறாங்க பாரு. முன்னல்லாம் பல்லு வலிச்சாலும் பொறுத்துக்குவாங்க."

மிர்த்தா முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பல்லு விழுதா, மில்டன்?"

"பொறாமைப்படாதே."

ஆகஸ்டில் இயக்குநர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மூன்று பேர். தலைவர் தோன் எவாரிஸ்தோவுக்கு எண்பத்திரண்டு வயது. மோதல் இல்லாமல் கூட்டம் நடத்தும் ஏற்பாட்டைப் பற்றிப் பல்பார்தா சொல்லியிருப்பார் போல. அதை நேரில் பார்க்க வேண்டும் என்றார்களாம், பைசாந்தூ கிளையிலும் கொண்டுவரலாமாம். மில்டனுக்கு அன்று முட்டி வலிக்கவே இல்லை. பதினோரு தலைவர்கள், மூன்று இயக்குநர்கள், எல்லோருக்கும் பொருந்திய ஒரே நேரம் வியாழக்கிழமை மதியம் இரண்டரை. ஒரே ஒரு நீலக் கட்டம் இடித்தது. தரக் கட்டுப்பாட்டுத் தலைவி தினோரா பீரிஸ், மூன்று முதல் நான்கு வரை, சொந்த வேலை.

தினோரா இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருப்பவள். கணவன் இறந்து ஆறு வருஷம். ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தால் கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தேயும் இருக்கும். ஐந்து மாதமாக ஒவ்வொரு வியாழனும் மூன்று மணிக்கு அவளுக்கு நீலம். மில்டன் அதைப் பலநாள் யோசித்து, ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: யாரோ ஒரு ஆள் இருக்கிறான். நல்லதுதானே, பாவம், ஐம்பத்தொரு வயசுதான் ஆகிறது என்று தனக்குள்ளேயே அனுமதி கொடுத்துப் பெருந்தன்மையில் கொஞ்சம் கண் கலங்கியும் இருந்தார்.

நடைபாதையில் அவளை மறித்தார்.

"தினோரா, வியாழன் ரெண்டரைக்குப் பெரிய ரூமுக்கு வந்துடு. டைரக்டருங்க வர்றாங்க."

"மூணு மணிக்கு நீலம் போட்டிருக்கேனே, பாக்கலியா?"

"பாத்தேன். ஒரு நாள் கொஞ்சம் லேட்டாப் போனா அந்த மனுஷன் கோவிச்சுக்கவா போறாரு?"

"எந்த மனுஷன்?"

"சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. விதின்னா விதி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மாத்தேயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். "எத்தனை மணிக்கு முடியும்?"

"மூணரை."

"மூணரையா? மூணு நாப்பது, மூணே முக்கால்னு இழுக்கற வேலை வேணாம்."

"தினோரா, நூத்தி நாப்பது நாளா இந்தக் கட்டடத்துல ஒரு மீட்டிங் அஞ்சு நிமிஷம் தாண்டினதில்ல. என் வார்த்தை."

"மூணரைன்னா வரேன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மில்டன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வயிற்றருகே அதன் பொத்தானைப் போட முடியவில்லை. திரையில் காட்ட நாற்பத்தொரு பக்கங்கள் தயார் செய்திருந்தார். ஆறாவது பக்கத்திலேயே தோன் எவாரிஸ்தோ தூங்கிவிட்டார். ஒன்பதாவது பக்கத்தில், இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் மோதுவது எப்படி என்பதற்கு உதாரணமாக மில்டன் தூராஸ்னோ காளையை இழுத்தார். கிழவர் கண் திறந்துவிட்டது.

"எந்த ஜாதிக் காளை?"

"ஹெரெஃபோர்டு, தோன் எவாரிஸ்தோ."

"கொம்பு இருந்துச்சா?"

அப்புறம் காளையின் கதை முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று. மில்டனுக்கும் சொல்ல ஆசைதான். மற்ற இயக்குநர்கள் சிரித்தார்கள், பல்பார்தா சிரித்தார். ஒரு அறை முழுக்கத் தன் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மணி மூன்றரை ஆனபோது பதினான்காம் பக்கத்தில் இருந்தார். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்க்கவே செய்தார். பார்த்துவிட்டு, பதினைந்தாம் பக்கத்துக்குப் போனார்.

மூன்று ஐம்பதுக்குத் தினோரா எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி, சுவரோரமாகக் கதவை நோக்கி இரண்டு அடி வைத்தாள். மில்டனின் பேச்சு அப்போது உச்சத்தில் இருந்தது.

"எங்க போறே தினோரா?" என்றார், அறை முழுக்கக் கேட்க. "இந்த நேரத்துல இந்தக் கட்டடத்துல யாருக்கும் வேற வேலையே கிடையாது. என் நாட்காட்டி அப்படித்தான் சொல்லுது!"

எல்லோரும் சிரித்தார்கள். தோன் எவாரிஸ்தோ மேசையைத் தட்டிச் சிரித்தார். தினோராவின் காது இரண்டும் சிவந்தன. ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கூட்டம் நாலு நாற்பதுக்கு முடிந்தது. கைதட்டினார்கள். மில்டன் தலைகுனிந்து வணங்கக்கூடச் செய்தார். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பல்பார்தா அழைத்தார். மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது.

"சப்பை நோய்த் தடுப்பூசி, நாப்பதாயிரம் டோஸ், நின்னுபோச்சு. ஊசித் தரத்தைச் சோதிக்கக் கிருமி வளர்க்கற தட்டை நேத்து எண்ணலையாம். த்ரெய்ந்தா இ த்ரேஸ் ஊர்ல பண்ணைக்காரங்க திங்கக்கிழமை லாரிக்குக் காத்திருக்காங்க. இதைப் படிங்க."

படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் தினோராவின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'கூட்டம்.'

"என்ன திமிரு பாருங்க" என்றார் பல்பார்தா. "விசாரணை மீட்டிங் போடுங்க. எல்லாத் தலைவரும் வரணும். யார் தப்புன்னு தெரியணும்."

மில்டன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். விரல்கள் பழக்கத்தில் தானாகவே நாட்காட்டியைத் திறந்து எல்லோருக்கும் பொருந்தும் நேரத்தைத் தேடின. முதல் வாரம் இல்லை, இரண்டாம் வாரம் இல்லை. சிவப்பும் நீலமுமாக அடைத்துக் கிடந்தது. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதிதான் ஒரு இடைவெளி. மூன்று வாரம். மூன்று வாரத்தில் எதுவும் ஆறிப்போகும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவருக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. அந்தக் குளிர்ச்சியைக் கண்டு அவருக்கே கூசியது. எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார்.

ஆய்வகத்துக்குள் அங்கியும் முகமூடியும் இல்லாமல் போக முடியாது. கண்ணாடிச் சன்னல் ஒன்றும், பேசுவதற்கு ஒரு பொத்தான் வைத்த ஒலிபெருக்கியும் உண்டு. தினோரா உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மில்டன் கண்ணாடியைத் தட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"என்ன, இதுக்கும் ஒரு மீட்டிங்கா?"

"நேத்து எண்ண வேண்டிய தட்டு... அது எத்தனை மணிக்கு?"

"மூணு மணி. வளர வச்சதுலேருந்து நாப்பத்தெட்டாவது மணி நேரம். முன்ன பின்ன ஒரு மணி நேரம் தாங்கும். நாலு தாண்டினா புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாய் விரிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் எதை எண்றது? நீ படிச்சவன்தானே, இது மறந்துபோச்சா?"

"ஒவ்வொரு வியாழனும்..."

"ஒவ்வொரு வியாழனும் மூணு மணிக்கு."

"அப்போ அதுக்குப் பச்சைதானே போடணும்? அது வேலையாச்சே."

"பச்சை போட்டேன்யா! ஏப்ரல்ல போட்டேன். நீ அதை எடுத்து வெள்ளிக்கிழமை காலைல வச்சே. பாக்டீரியாவுக்கு யாரு சொல்றது, 'கண்ணுங்களா, நாளைக்கு வரைக்கும் வளராம இருங்க, மில்டன் மாத்திட்டாரு'ன்னு? மறுபடி பச்சை போட்டேன். மறுபடி நகத்தினே. அப்பத்தான் உன் நோட்டீஸைப் படிச்சேன். இந்தக் கட்டடத்துல வேலையைத்தான் யார் வேணா தள்ளலாம். சொந்த வேலையைத்தான் தொடக்கூடாது. சரி, இனிமே இது என் சொந்த வேலைன்னு நீலம் போட்டேன்."

"உன் உதவிக்கு யனினா இருக்காளே? அவ எண்ணியிருக்கலாமே?"

"யனினா எங்க இருந்தா நேத்து மூணு மணிக்கு? யோசிச்சுப் பாரு."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வியாழன் மதியம் யனினாவின் பெயரில் எந்த வேலையும் தெரியாததால், அவரே அவளைத் தீயணைப்புப் பயிற்சிக்குப் பின்கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்.

"நேத்து எழுந்தியே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"டைரக்டருங்க முன்னாடியா? 'ஐயா, இந்த நாட்காட்டியில அஞ்சு மாசமா நான் பொய் எழுதறேன்'னா?" அவள் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. "சொல்லியிருக்கணும். இல்ல, பேசாம கதவைத் திறந்துக்கிட்டுப் போயிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்க. மூஞ்சி எரிஞ்சுது. உக்காந்துட்டேன். அது என் தப்பு, அதை யார் தலையிலயும் கட்ட மாட்டேன். போ, எனக்கு வேலை இருக்கு. பச்சை வேலை."

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண்ணாடியில் மில்டனுக்குத் தன் முகம்தான் தெரிந்தது.

அங்கிருந்து நேரே கிடங்குக்குப் போனார். கிடங்குத் தலைவர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். உங்க பல்லுல என்ன?"

அவர் வாயைத் திறந்து காட்டினார். இரண்டு வரிசையும் முத்துப்போல இருந்தன. "சரக்கு எண்ண வேற எப்ப நேரம் கிடைக்கும், டாக்டர்?"

உற்பத்திப் பிரிவுத் தலைவர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "எங்க அத்தை மூணு தடவை செத்துட்டா. நாலாவது தடவை எந்திரம் சுத்தம் பண்றதுக்கு மாமாவைச் சாகடிக்கணும்னு இருந்தேன்."

பதினோரு பேரில் ஒன்பது பேர் இப்படி. அவர் பெருமையாகக் காட்டிய நாட்காட்டியில் சிவப்புதான் மெய், நீலமெல்லாம் வேலை. இந்த நிறுவனம் ஐந்து மாதமாகத் தடுப்பூசி தயாரித்ததே தனக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகத்தான் என்று அவருக்கு விளங்கியது. கூட்ட அறைக்கு வெளியே நூற்று நாற்பத்தேழு என்று எழுதியிருந்த பலகையைக் கோட்டுக் கையாலேயே துடைத்தார். துணி தேடப் பொறுமை இல்லை.

பொது மேலாளரைப் பார்க்க ஒரு நாள் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும் என்பதும் மில்டன் எழுதிய விதிதான். கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

"விசாரணைக்குத் தேதி கிடைச்சுதா?" என்றார் பல்பார்தா.

"விசாரணை முடிஞ்சுது, இன்ஜினியர். ஆளு நான்தான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். யாருடைய பல்லையும் அத்தையையும் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை நேரத்தை நகர்த்தியது தன் விதி, மூன்றரைக்கு முடிப்பதாக வாக்குக் கொடுத்து மீறியது தன் நாக்கு, எழுந்தவளை உட்காரவைத்தது தன் வேடிக்கை என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னார். பல்பார்தா பேனாவால் நெற்றியைச் சொறிந்தார்.

"நேத்துத்தான் டைரக்டருங்க கைதட்டிட்டுப் போனாங்க. பைசாந்தூவுக்கும் இதைக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்ப நான் அவங்களுக்கு என்ன சொல்ல?"

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

தோன் எவாரிஸ்தோவுக்குக் காது மந்தம். தொலைபேசியில் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தன் முட்டாள்தனத்தை ஒரு தடவை சொல்வதே கஷ்டம். பக்கத்து அறைகளுக்கும் கேட்கிற மாதிரி இரண்டாவது தடவை உரக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்பதை மில்டன் அன்றுதான் அறிந்தார்.

"அந்த அம்மா எழுந்தப்போ நானும் சிரிச்சேன்" என்றார் கிழவர் கடைசியில்.

"ஆமா, தோன் எவாரிஸ்தோ."

"எனக்கு அப்ப மூத்திரம் முட்டிக்கிட்டு இருந்துச்சு, தம்பி. அவ பின்னாலேயே நானும் எழுந்து போயிடலாம்னு நாற்காலியைப் பிடிச்சேன். நீ அப்படிக் கேட்டதும் பயந்து உக்காந்துட்டேன். இந்த வயசுல அது சின்ன விஷயம் இல்ல. பைசாந்தூவுக்கெல்லாம் இதைக் கொண்டுபோக வேணாம்."

"கொண்டுபோகல."

"காளைக் கதை நல்லா இருந்துச்சு."

மருந்திலிருந்து மறுபடி மாதிரி எடுத்துப் புதிதாகத் தட்டு வைத்தாள் தினோரா. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்ததால் எண்ண வேண்டிய நேரம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு விழுந்தது. எண்ணிக்கைத் தாளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். யனினாவின் மகளுக்குப் பதினைந்து வயசு நிறைகிற விருந்து சனிக்கிழமை. ஊரையே கூப்பிட்டிருந்தாள், விடியவிடிய ஆடுவார்கள். ஞாயிறு மதியம் அவள் புள்ளி எண்ணும் நிலையில் இருக்க மாட்டாள். மில்டனின் மருத்துவ உரிமம் இன்னும் செல்லுபடியாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி கண்ணாடியைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டாவது கையெழுத்துக்கு நான் வரேன்."

"உன் நாட்காட்டியைப் பாத்தியா?"

"மச்சான் வீட்டுல அசாதோ, கறி சுடறோம். அரை ஆடு வாங்கியாச்சு."

"மோதுதே."

"மோதட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து குளிர்காற்று வீசியது. இரண்டு பேருந்து மாறி, பூட்டிக் கிடந்த நிறுவனத்துக்கு மில்டன் இரண்டே காலுக்கே வந்துவிட்டார். காவல்காரர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். தினோரா கொடுத்த அங்கியின் கை முழங்கைவரைதான் வந்தது. சரியாக மூன்று மணிக்கு அடைகாப்புப் பெட்டியைத் திறந்தாள். வெளிச்சத்துக்கு மேலே வைத்த தட்டில், பாலாடையில் தூவிய மிளகுபோல் புள்ளிகள்.

இருவரும் தனித்தனியே எண்ணினார்கள்.

"அறுபத்திரண்டு" என்றார் மில்டன்.

"எண்பத்தேழு. கண்ணாடி போடு."

"போட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ கண்ணைப் போடு. ரெண்டு ஒட்டி இருந்தா ஒண்ணுன்னு எண்ணிட்டே. இது ரெண்டு, இதுவும் ரெண்டு. ஒரே இடத்துல ரெண்டு பேரைக் கண்டுபிடிக்கிறதுதானே உன் தொழில்?"

மறுபடி எண்ணினார். எண்பத்தைந்து. அவள் மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவையில் இருவருக்கும் எண்பத்தேழு வந்தது. பத்துத் தட்டு முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. முட்டி விண்விண் என்று தெறித்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை, யாரும் எங்கும் கூப்பிடவில்லை.

வெளியே வந்து அங்கியைக் கழற்றும்போது தினோரா கேட்டாள்: "அன்னிக்கு நடைபாதையில 'அந்த மனுஷன்'னு சொன்னியே, யாரு?"

மில்டன் சுவரைப் பார்த்தார். "நீ... வியாழக்கிழமை யாரையோ பாக்கப் போறேன்னு நினைச்சேன்."

"அஞ்சு மாசமாவா?"

"அஞ்சு மாசமா. உனக்காகச் சந்தோஷப்பட்டேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. "மத்தியானம் மூணு மணிக்கா! அந்த நேரத்துல எவன்யா வருவான், பென்ஷன்காரனா?" பிறகு குடுவையைத் திறந்து ஒரு மாத்தே ஊற்றி நீட்டினாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கி, வெந்நீர் ஆறிப்போயிருந்தும் கடைசிவரை உறிஞ்சினார்.

தடுப்பூசி தேறியது. லாரி புதன்கிழமை கிளம்பியது, இரண்டு நாள் தாமதம்தான். ஆனாலும் காத்திருக்க முடியாமல் இரண்டு பண்ணைகள் வேறு இடத்தில் வாங்கிவிட்டன. மில்டனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். நாட்காட்டி வேலையை வேறு யாரும் ஏற்க முன்வராததால் அது அவரிடமே இருந்தது. பச்சையைத் தொடக்கூடாது என்று விதியைத் திருப்பிப் போட்டார். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பச்சையாகிவிட்டது. அத்தைகள் சாவதும் நின்றது. கூட்டம் கேட்டு வந்தவர்களிடம் இடம் இல்லை என்று சொன்னார். பாதிப் பேர் தொலைபேசியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள், மீதிப் பேர் எதற்குக் கேட்டோம் என்பதையே மறந்துவிட்டார்கள். சிவப்பு போனபின் தன் சொந்தக் கட்டங்களைப் பார்த்தபோதுதான் சங்கடமாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை.

ஆகவே செப்டம்பரில் ஒரு நாள் நிறுவனத்து வண்டியில் ஏறி, நாலு மணி நேரம் பயணம் செய்து, கைவிட்டுப் போன இரண்டு பண்ணைகளுக்கும் நேரில் போனார். முதல் பண்ணையில் ஆள் இல்லை. இரண்டாவதில் வேலியோரம் நின்றிருந்த சுல்மா என்ற பண்ணைக்காரி அவர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கன்றுக்குட்டிகள் அவளுக்குப் பின்னால் மேய்ந்தன.

"இருங்க, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாக்கறேன்" என்றாள். "நீங்க ஒரு மீட்டிங்ல இருந்தீங்க. அதனால ஊசி வரல."

"ஆமா."

"எதைப் பத்தின மீட்டிங்?"

மில்டன் தொப்பியைக் கழற்றினார். "மீட்டிங்கை எப்படிச் சரியா நடத்தறதுங்கறதைப் பத்தி."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க! இவரு சொல்றதை நீங்களும் கேக்கணும்!" என்று கூவினாள். கணவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மில்டன் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். கணவன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் திரும்பி நின்று இருமினான். வசந்தத்து ஊசியை வேறு ஆளிடம் வாங்கியாயிற்று, அதில் மாற்றம் இல்லை என்றாள் சுல்மா. இலையுதிர் காலத்துக்கு, அதாவது அங்கே ஏப்ரலுக்கு, பாதியை சான் கலிஸ்தோவில் வாங்கிப் பார்க்கிறோம் என்றாள். மில்டன் குறிப்பேட்டை எடுத்து, வேலிக் கட்டைமேல் வைத்து எழுதிக்கொண்டார்: ஏப்ரல், முந்நூறு டோஸ்.